மாமரத்தில் வளரும் ஆர்க்கிட் புல்லுருவியா?

கேள்வி: எங்கள் தோட்டத்து முதிய மாமரத்தின் கிளைகளில் தடித்த வேர்களும் நீண்ட, குறுகிய இலைகளும் கொண்ட செடி ஒன்று ஒட்டி வளர்கிறது. கோடையில் மஞ்சளும் பழுப்பும் கலந்து, நடுவில் நீலம் தெரியும் பூக்களை விடுகிறது. புல்லுருவி என்று கருதி வெட்டச் சொல்கிறார்கள். வெட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். உங்கள் வர்ணனைக்குப் பொருந்துவது வாண்டா டெஸ்ஸெலேட்டா என்னும் ஆர்க்கிட். இந்தியாவிலும் இலங்கையிலும் மியான்மரிலும் இயற்கையாக வளரும் இது தொற்றுத்தாவரமே தவிர ஒட்டுண்ணி அன்று. புல்லுருவி தன் உறிஞ்சு வேரை மரத்தின் திசுவுக்குள் செலுத்தி நீரையும் தாதுக்களையும் எடுத்துக்கொள்கிறது. இந்த ஆர்க்கிட்டின் வேர்களோ பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன.

அந்த வேர்களை மழைக்கு முன்னும் பின்னும் கவனித்துப் பாருங்கள். வேரைச் சுற்றியுள்ள வெலாமன் என்னும் உறை, உயிரற்ற செல்களால் ஆனது. பஞ்சைப் போல் மழைநீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கையில் அந்தச் செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெளிறித் தெரியும். நனைந்ததும் உறை ஒளி ஊடுருவும் தன்மை பெற, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிந்து வேரே பசுமையாகிவிடும். இதன் இலைகளும் சிக்கனமானவை: நீராவியாதல் குறைவாக உள்ள இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கின்றன. நம் சமவெளியின் வெயிலில், மண்ணைத் தொடாமலே இச்செடி தாக்குப்பிடிப்பதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

மணமுள்ள அந்தப் பூவின் இதழ்களில் கட்டம் கட்டமாக ஓடும் பழுப்புக் கோடுகளே இதன் சிறப்பு அடையாளம். நீலமாகத் தெரிவது உதட்டிதழ். மகரந்தம் தூளாக உதிராமல் இரண்டு திரள்களாகத் திரண்டிருந்து, பூவுக்கு வரும் பூச்சியின் உடலில் மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். முற்றிய காய் வெடித்தால் தூசு போன்ற விதைகள் காற்றில் பரவும். அவற்றில் சேமித்த உணவு மிகமிகக் குறைவு என்பதால், ஏற்ற பூஞ்சை ஒன்று அமைந்து ஊட்டினால்தான் இயற்கையில் அவை முளைத்து வளரும். எனவே ஒரு செடி பூக்கும் பருவத்தை எட்டுவதே அரிது. அதை வெட்டி எறிவது பெரிய இழப்பு என்றே நான் சொல்வேன்.

பாரம் மிகுந்து மெல்லிய கிளை தாழ்ந்தால் மட்டும் தாங்குகோல் கொடுங்கள். காற்றில் கிளை முறிந்து செடி விழுந்துவிட்டால், அதைத் தொட்டி மண்ணில் புதைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். பட்டைத் துண்டோடு எடுத்து, இளவெயில் படும் வேறொரு கிளையில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிவிட்டு, புது வேர்கள் பற்றும்வரை காலையில் நீர் தெளித்து வாருங்கள்.