திரையில் சரி, உள்ளே கோளாறு: கணினித் தமிழ் கேள்வி பதில்

மதுரை, டிடிபி கடைக்காரர்: சார், கஸ்டமர் பென் டிரைவில் கொண்டுவரும் ஃபைலைத் திறந்தால் ஒருநாள் கட்டம் கட்டமாக வருகிறது, ஒருநாள் கேள்விக்குறியாக வருகிறது, இன்னொரு நாள் இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டுகிறது. ஃபான்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. இவை வேறு வேறு நோய்கள். எது என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

கட்டம் வந்தால் எழுத்துரு மட்டும்தான் பிரச்சினை. எழுத்துகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கணினியிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய கணினி என்றால் லதா.

இங்கிலீஷ் எழுத்தாக வந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால் உள்ளே பதிந்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜேயை ‘த’ போல வரைந்து காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே ஜேயாகவே தெரியும். அரசு அலுவலகத்திலிருந்து வந்த கோப்பு என்றால் வானவில் அவ்வையார் என்ற எழுத்துருவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேர்டில் எழுத்தின் மேல் கர்சரை வைத்தால் எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும்.

இன்னொரு வகையை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அதுவும் ஒருநாள் வரும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மும்மூன்று குறிகளாக, தலையில் சாய்கோடு போட்ட ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வரும். அது யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) கோப்பைத் தவறான குறியாக்கத்தில், அதாவது எழுத்தை எண்ணாகப் பதியும் வேறொரு முறையில், திறந்ததால் வருவது. யூனிகோடைக் கோப்பில் பதியும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றும் தனித்தனி எழுத்தாகத் தெரிகின்றன. அப்படியே சேமிக்காமல் மூடி, யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் முழுதும் வந்துவிடும்.

கேள்விக்குறிதான் மோசம். பழைய நோட்பேடில் ‘ஆன்சி’ என்ற தேர்வில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் உண்மையான கேள்விக்குறியாகவே மாறிப் பதிந்துவிடும். எந்த எழுத்துருவும், பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடாக்கும் எந்த மாற்றி மென்பொருளும் அதை மீட்காது. வாடிக்கையாளரிடம் மூலக்கோப்பை வாங்குவதுதான் வழி. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் நோட்பேடு தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்தையது என்றால் சேவ் ஆஸ் பெட்டியின் அடியில் ‘என்கோடிங்’ என்ற இடத்தைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம், பாடசாலை ஆசிரியர்: ஐயா, எங்கட பாடசாலையில 2004 தொடக்கம் அடிச்ச வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில கிடக்கு. யூனிகோடுக்கு மாத்தினா இடையில இருக்கிற ஆங்கிலச் சொல்லுகள் குழம்புது. எல்லாத்தையும் திரும்ப அடிக்கத்தான் வேணுமோ?

வேண்டாம் ஐயா. இருபது வருட வினாத்தாள்களைத் திரும்ப அடிப்பது வீண் உழைப்பு.

மாற்றிக்குத் தமிழ் எது, ஆங்கிலம் எது என்று தெரியாது. அதற்கு எல்லாமே ஆங்கில எழுத்துகள்தான். காற்புள்ளிகூட பாமினியில் ‘இ’. அதனால் ஆங்கில வரியில் உள்ள ஒவ்வொரு காற்புள்ளியும் ‘இ’ ஆகிவிடும். ஆனால் எண்கள் மாறாது. அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம். வேர்டில் கன்ட்ரோல் எச் அழுத்தி ‘மோர்’ பொத்தானை விரியுங்கள். ‘ஃபைண்ட்’ பெட்டியில் எதுவும் எழுதாமல், கீழே ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ வழியாக ஆங்கிலத்துக்குப் பயன்படுத்திய எழுத்துருவை, பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமன், தேர்ந்தெடுங்கள். ‘ரீப்ளேஸ்’ பெட்டியில் ‘ஃபார்மட்’, ‘ஹைலைட்’. ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்ததும் ஆங்கிலம் முழுதும் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் சொற்களை 90001, 90002 என்று கோப்பில் வேறெங்கும் வராத எண்களால் மாற்றி, எந்த எண் எந்தச் சொல் என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சென்ரிமீற்றர், கிலோகிராம் போன்ற அலகுக் குறியீடுகள் ஒரே தடவையில் முழுக் கோப்பிலும் மாறிவிடும். பிறகு மாற்றியில் போடுங்கள். மாறி வந்ததும் எண்களை மறுபடி சொற்களாக்குங்கள்.

அதோடு முடியவில்லை. பழைய தட்டச்சாளர்கள் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் வித்தியாசமே தெரியாது, யூனிகோடில் அப்பட்டமாகத் தெரியும். துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளி வருவது தமிழில் எங்கும் கிடையாது. ஆகவே அந்த இரண்டையும் சேர்த்துத் தேடி, யோசிக்காமல் எல்லா இடத்திலும் ‘ர்’ ஆக்கலாம். இதை ஒரு தடவை செய்தாலே மெய்ப்பு பார்க்கும் வேலை பெருமளவு குறையும்.

சென்னை, நூலகர்: எங்கள் புத்தகப் பட்டியலில் ‘ஸ்ரீனிவாசன்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள், தேடலில் வருவதில்லை. மென்பொருள் கோளாறா?

மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. உங்கள் பட்டியலில் இரண்டு ஸ்ரீ இருக்கின்றன. ஒன்று ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இன்னொன்று ஶ என்ற எழுத்தில் தொடங்குவது. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் எல்லாரும் ஸ போட்டுத்தான் அடித்தார்கள். இப்போதும் சில விசைப்பலகைகள் அதையும் சில இதையும் தருகின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்.

சோதிக்க எளிய வழி: சந்தேகமான பெயரை நோட்பேடில் ஒட்டி, ஸ்ரீ முடிந்த இடத்தில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை மூன்று தடவை தட்டுங்கள். ஈகாரக் குறி போகும், ர போகும், புள்ளி போகும். மிஞ்சி நிற்பது ஸவா ஶவா என்று பளிச்சென்று தெரியும். பட்டியல் முழுவதையும் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிட்டு, தேடல் பெட்டியில் பயனர் எதை அடித்தாலும் அதே வடிவத்துக்கு மாற்றித் தேடச் சொல்லுங்கள். பட்டியலை மட்டும் திருத்தினால் போதாது, அடிப்பவர் கையில் எந்த விசைப்பலகை இருக்கிறதோ யார் கண்டது.

இதைவிடப் பெரிய வில்லன் ஔகாரம். ‘கௌரி’ என்பதில் ககரத்தைச் சுற்றி நிற்பது ஒரே குறி. பலர் ஒற்றைக் கொம்பு போட்டு ள அடித்து ‘கெளரி’ என்று வைத்திருப்பார்கள். ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ அதே கதை. கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெளி, தெளிவு, வெள்ளி எல்லாம் நாசமாகும். சொல் சொல்லாக மாற்றுங்கள்: கௌரி, கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தர், வௌவால், இப்படி ஒரு பட்டியல் போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

‘எ’ வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ௭ஐயும், ‘க’ வரவேண்டிய இடத்தில் ௧ஐயும் அடித்த பதிவுகளும் அகப்படும். தமிழ் எண்கள் பத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

ஈரோடு, சங்கச் செயலாளர்: உறுப்பினர் பட்டியலை கூகுள் ஷீட்டிலிருந்து சிஎஸ்வியாக இறக்கி எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் சின்னச் சின்னக் குறிகளாக வருகிறது.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்று எக்செல்லைத் திறந்து ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய்க் கோப்பைக் காட்டுங்கள். வரும் பெட்டியின் மேலே ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்ற எண்ணில் தொடங்கும் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் முன்னோட்டத்திலேயே தமிழ் வந்துவிடும். வந்தபின் ‘லோட்’. திருப்பி அனுப்பும்போது சேவ் ஆஸில் வெறும் சிஎஸ்வி, சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று இரண்டு இருக்கும். இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைக் கொடுத்தால் மேலே சொன்ன கேள்விக்குறி நோய் வந்துவிடும். சிஎஸ்வி தேவையே இல்லை என்றால் எக்செல் கோப்பாகவே இறக்குங்கள், இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

திருச்சி, பள்ளி அலுவலகம்: பெற்றோருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இங்கிலீஷைவிட இரண்டு மூன்று மடங்கு கணக்கில் போகிறது. ஏன்?

ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஏழு. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். பள்ளிப் பெயரைச் சுருக்கிக் கடைசியில் வையுங்கள்.

கோவை, சமையல் வலைப்பதிவர்: தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கரில் பதிவின் முகவரி ‘பிளாக் போஸ்ட்’ என்று ஓர் எண்ணோடு வருகிறது. வேர்ட்பிரஸில் தோழியின் முகவரி ஒரு முழம் நீளம். எது நல்லது?

இரண்டும் வேண்டாம். பிளாக்கர் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டுதான் முகவரி செய்யும், அவை இல்லாவிட்டால் பொதுப்பெயர் வைத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழையே வைக்கும். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாகிவிடும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்கிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார்.

பதிவை வெளியிடும் முன், வலப்பக்க அமைப்புகளில் ‘பெர்மாலிங்க்’ போய் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை இடையில் சிறுகோடு போட்டு எழுதுங்கள். வத்தக் குழம்பு என்றால் அதையே. வெளியிட்டபின் மாற்றினால் பழைய இணைப்பு அறுந்துபோகும். அதனால் ஏற்கெனவே வாசகர் வரும் பதிவுகளைத் தொடாதீர்கள், புதியவற்றில் தொடங்குங்கள்.

சிவகாசி, வடிவமைப்பாளர்: ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் ‘கொ’ பிரிந்து கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று நிற்கிறது.

‘ப்ரிஃபரன்ஸஸ்’, ‘டைப்’ போங்கள். உங்கள் பதிப்பில் ‘டெக்ஸ்ட் எஞ்சின்’ என்ற இடம் இருந்தால் அதில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுங்கள். சற்றுப் பழைய பதிப்பில் அதன் பெயர் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’. மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் ஒட்டிப் பாருங்கள். பழைய எழுத்து லேயர் பழைய முறையிலேயே நின்றால், அதைத் தேர்ந்தெடுத்து ‘பேராகிராஃப்’ பலகத்தின் மூலையில் உள்ள பட்டியலில் ‘வேர்ல்ட்-ரெடி’ கொடுக்க வேண்டும். இன்டிசைனிலும் இதே பலகம், அங்கே ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போஸர்’. இதைச் செய்யாமல் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

பெங்களூர், ஆய்வு மாணவி: பிடிஎஃப்பிலிருந்து தமிழ் வரிகளை நகலெடுத்தால் உடைந்து வருகிறது. நூறு பக்கம் இருக்கிறது, அண்ணா.

முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். நகலெடுத்தது ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் சந்தோஷப்படுங்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துரு, மாற்றியில் போட்டால் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும். யூனிகோடில் செய்த பிடிஎஃப்தான் பல நேரம் கஷ்டம். கொம்பு எழுத்துக்கு முன்னால் போகும், ‘து’, ‘கு’ போன்ற கூட்டு வடிவங்கள் காணாமல் போகும். பிடிஎஃப்பில் எழுத்துகள் வரைந்த வரிசைதான் பதிந்திருக்கிறது, படிக்கும் வரிசை எப்போதும் இருக்காது.

அப்படியானால் பக்கத்தைப் படமாக நினைத்துப் படிக்கவைக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் ‘ஓப்பன் வித்’, ‘கூகுள் டாக்ஸ்’. எழுத்தாகவே வந்துவிடும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். அதனால் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்களே ஸ்கேன் செய்வதாக இருந்தால் 300 டிபிஐ, கறுப்பு வெள்ளை, பக்கம் சாயாமல். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், ன ண, ர துணைக்கால், இவற்றில்தான் அதிகம் தவறும். மேற்கோள் காட்டும் வரிகளை மூலத்தோடு ஒப்பிடாமல் ஆய்வேட்டில் போடாதீர்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: இதுவரை ஆங்கில ஒலிப்பு முறையில்தான் அடிக்கிறேன். இந்த வயதில் தமிழ் 99 பழகுவது பயனுள்ளதா?

நிச்சயமாக ஐயா. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை முறை அது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். ‘தந்தை’ அடிக்க த, ந, த, ஐ. நான்கே தட்டு. நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் புள்ளி தானே விழும் என்பது அதன் விதி. ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படித்தான். ஒரே மெய் இரண்டு தடவை வந்தாலும் முதலாவதுக்குப் புள்ளி விழும்: அம்மா என்றால் அ, ம, ம, ஆ. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகரம் தட்டவேண்டும். ‘பப்பாளி’ என்றால் ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த ஒரு விதி தெரியாமல்தான் பலர் இரண்டாம் நாளே கைவிடுகிறார்கள்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ போய்த் தமிழைச் சேர்த்து, அதன் மூன்று புள்ளியில் ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’, ‘ஆட் எ கீபோர்ட்’, தமிழ் 99. மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும். முதல் வாரம் விசைப்பலகைப் படம் ஒன்றை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிவையுங்கள். விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவேண்டாம், கண் கீழேயே பழகிவிடும்.