“சொராரிட்டி இருக்கும் காலேஜ்தான் வேண்டும்” என்கிறாள் மகள்

அன்புள்ள மேடம்,

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். ஒரே மகள், 17 வயது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், படிப்புக்குப் பெயர்போனது. இன்னொன்று தெற்கே, அலபாமா பக்கம். அதுதான் வேண்டுமாம். காரணம், சொராரிட்டி, அதாவது கல்லூரிப் பெண்கள் உறுப்பினராகச் சேர்ந்து, தங்களுக்கென்று ஒரு வீடும் வைத்துக்கொள்ளும் சங்கம். ஒரே மாதிரி உடுத்திய பெண்கள் வாசலில் கைதட்டிப் பாடும் வீடியோக்களை நடுராத்திரி வரை பார்க்கிறாள். எனக்கோ, 2017-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட்டர்னிட்டி (பையன்களுக்கான அதே மாதிரிச் சங்கம்) வீட்டில் குடிக்கவைக்கப்பட்டு, படியில் விழுந்து இறந்த பையனைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. “பணம் கட்டமாட்டேன்” என்று கணவர் சொல்லிவிட்டார். நான்கு நாளாக மகள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. மே 1-க்குள் முடிவு சொல்லவேண்டும்.

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

அந்தப் பையன், டிமத்தி பியாசா, விழுந்து ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துத்தான் உடனிருந்தவர்கள் உதவிக்கு அழைத்தார்கள். உங்கள் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மகளிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், “அது பசங்க வீடு” என்பாள். பாதி சரிதான். பெரும்பாலான சொராரிட்டி வீடுகளுக்குள் மதுவுக்கு அனுமதி இல்லை. அதனாலேயே பார்ட்டி ஃப்ரெட்டர்னிட்டி வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே ஊற்றிக் கொடுப்பதும் பசங்கள்தான். யாரோடு போவாள், எப்படித் திரும்புவாள் என்பதைப் பேசுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை ‘ரஷ்’, அதாவது சொராரிட்டிகள் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் படலம். அலபாமாவில் இது ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேசவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, எந்த வீடுகள் மறுபடி கூப்பிட்டன என்று பட்டியல் வரும். ஒருவரும் கூப்பிடாமல் போவதும் உண்டு. புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, முதல் பாடத்துக்கு முன்பே ‘நீ வேண்டாம்’ என்ற பதில். அதனால் அவளிடம் ஒன்றைத்தான் கேட்கவேண்டும்: “எந்த வீடும் எடுக்காவிட்டாலும் இந்த காலேஜ் உனக்குப் பிடிக்குமா?” காரில் போகும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதில் சுலபம்.

பாடப்பிரிவு, பேராசிரியர்கள் என்று காரணம் வந்தால், எனக்கு ஆட்சேபணை இல்லை. தடுமாறினால், அவள் தேடுவது தோழிகளை. (பள்ளியில் நெருங்கிய தோழி உண்டா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.) தேடுவதில் தப்பே இல்லை. 1998-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் பெண்கள் தங்களுக்கென்று டெல்டா ஃபை ஒமேகா என்ற சொராரிட்டியையே தொடங்கினார்கள். பக்கத்துக் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தீர்களா? முதல் செமஸ்டர் முடிந்தபிறகே ஆள் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு. அது எவ்வளவோ நிம்மதி.

அப்புறம், 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. ஹேஸிங்கில், அதாவது நம் ஊர் ராகிங் மாதிரியான கொடுமையில், எந்த மாணவர் அமைப்பு மாட்டியது என்று கல்லூரிகள் இணையத்தில் அறிக்கை போடவேண்டும். இரண்டு கல்லூரிகளின் அறிக்கையையும் மகளே தேடி எடுக்கட்டும். உறுப்பினர் கட்டணம் தனிச் செலவு. அதில் எவ்வளவு தரமுடியும் என்று அப்பா ஒரு தொகையாகச் சொல்லட்டும்.

இதெல்லாம் சனி, ஞாயிறில். இன்றைக்கு ராத்திரி அவளுக்குப் பிடித்ததைச் செய்துவைத்துச் சாப்பிடக் கூப்பிடுங்கள். காலேஜ் பேச்சை எடுக்காதீர்கள்.