ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், டிகாக்ரிலார் இரண்டும் சாப்பிடுகிறார். இப்போது கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஈறு வீங்கியிருக்கிறது. அந்த மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்தால்தான் பிடுங்க முடியும் என்கிறார் பல் டாக்டர். நிறுத்தலாமா? ஸ்டென்ட் திரும்ப அடைத்துக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. ஒரு வேளைகூட விட வேண்டாம்.

என்னிடம் வருகிறவர்கள் பலரும் பயப்படுவது, ஸ்டென்ட் மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளுமோ என்றுதான். எனக்கு அதைவிடப் பெரிய பயம், அதற்குள் திடீரென ரத்தம் உறைவது. ஸ்டென்ட் என்பது 0.1 மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய கம்பிகளாலான வலைக்குழாய். உள்ளே சதை வளர்ந்து அடைக்காமலிருக்க அதன்மேல் மருந்து பூசியிருக்கும். ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து கம்பியை மூடுவதையும் அதே மருந்து தாமதப்படுத்துகிறது. மூடும்வரை ரத்தத்தட்டுகள் கம்பியில் போய் ஒட்டப் பார்க்கும். அதைத் தடுப்பவை இந்த இரண்டு மாத்திரைகள்தான். உறைந்துவிட்டால் குழாய் மொத்தமாக அடைபட்டு இன்னொரு மாரடைப்பு. அதில் பிழைக்காதவர்கள் பலர். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் இரண்டையும் தருவது இதற்காகத்தான்.

ஒரு பல்லைப் பிடுங்கும்போது வரும் ரத்தத்தை அந்த இடத்திலேயே நிறுத்த முடியும். பஞ்சுத்துணியை அழுத்திக் கடிக்கலாம், ஒரு தையல் போடலாம், டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை வைக்கலாம். கசிவு சற்று நேரம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். காலையில் நேரம் வாங்குங்கள். கசிந்தாலும் பகலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரை விவரத்தோடு இதய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பல் டாக்டருக்கும் தைரியம் வரும். வீக்கம் இருப்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

வலி மாத்திரையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட வேண்டாம். இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாரசிட்டமால் போதும். ஆன்டிபயாடிக் எழுதினால், டிகாக்ரிலார் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் அதோடு சேரவே கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை நீங்களாக விட்டுவிடாமல்.

இரண்டாவது கேள்வி. சதை வளர்ந்து அடைப்பது இன்றைய மருந்து ஸ்டென்டுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தாலும் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் வரும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக ஆரம்பிக்கும். மருந்து பூசிய பலூன் வைத்தோ, இன்னொரு ஸ்டென்ட் வைத்தோ சரிசெய்யலாம். சர்க்கரை நோய் இருந்தாலும் புகைபிடித்தாலும் ஆபத்து கூடும். நீங்கள் எழுதவில்லை, அவர் புகைபிடிப்பவரானால் இன்றே விடச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்து வியர்த்தால், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.