சேஃப் திறக்க மறுத்தால் யாரைக் கூப்பிடுவது? வாசகர் கேள்வி பதில்

நகை, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் காகிதம் என்று எல்லாவற்றையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். அது அடம்பிடித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பூட்டுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்த மாதக் கடிதங்களை ஆசிரியர் என்னிடம் தந்தார்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். படுக்கையறை சேஃபின் நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். உயில் அதற்குள் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். ஆள் வைத்து உடைக்கலாம் என்கிறான் அண்ணன், கூடாது என்கிறான் தம்பி. எது சரி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

உங்கள் இழப்புக்கு என் ஆறுதல், அம்மா. உடைக்க வேண்டாம், ஆனால் திறந்துதான் ஆக வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்து மாஸ்டர் அலுவலகத்தின் (இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற அதிகாரியின் அலுவலகம்) பார்வையில் வந்துவிடுகிறது. சொத்து இரண்டரை லட்சம் ராண்டுக்கு மேல் என்றால் எக்ஸிக்யூட்டர் (சொத்தைப் பொறுப்பேற்றுப் பிரித்துக் கொடுப்பவர்) நியமனக் கடிதம், அதற்குக் கீழே என்றால் எளிமையான அதிகாரக் கடிதம். அந்தக் காகிதம் கையில் இருந்தால் நல்ல லாக்ஸ்மித், அதாவது பூட்டுத் தொழிலாளி, தயங்காமல் வருவார். உங்கள் சிக்கல், எக்ஸிக்யூட்டர் யார் என்று சொல்லும் உயிலே உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது. அதனால் முதலில் ஒரு வக்கீலிடமோ மாஸ்டர் அலுவலகத்திலோ (டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உண்டு) நிலைமையைச் சொல்லி, உயிலை எடுப்பதற்காகத் திறக்கப்போகிறோம் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கிற அன்று அண்ணன், தம்பி, அம்மா, நீங்கள் எல்லோரும் கூட இருக்க வேண்டும், வெளி ஆள் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உயிலை மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றதைத் திரும்ப வைத்துப் புது நம்பரில் பூட்டிவிடுங்கள். நகையை அன்றைக்கே பிரிக்கிற பேச்சே வேண்டாம். சேஃப் திறந்த அன்றைக்கு மூண்ட சண்டை வருடக்கணக்கில் ஓய்ந்தபாடில்லாத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அப்பாவிடம் துப்பாக்கி லைசன்ஸ் இருந்ததா? இந்த நாட்டில் துப்பாக்கியை சேஃபில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் படுக்கையறை சேஃப் என்றாலே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். அவருடைய லைசன்ஸ் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. உள்ளே துப்பாக்கி இருந்தால் யாரும் கையில் எடுக்காதீர்கள், அண்ணனும்தான். திறக்கிறதற்கு முன்பே லாக்ஸ்மித்திடம் சொல்லிவிடுங்கள், உங்கள் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி விவகாரத்தைக் கவனிக்கும் அதிகாரியிடமும் கேட்டுவிடுங்கள், அவர் வழி சொல்வார்.

அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். தாலியும் நகையும் சேஃபில். நம்பர் போட்டால் பீப் சத்தம் வருகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கிரைண்டர் கொண்டுவருகிறேன் என்கிறான்.
– வாசகர், ஃபீனிக்ஸ்

கிரைண்டரை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா. தீப்பொறி உள்ளே போனால் முதலில் எரிவது உங்கள் பத்திரமும் பாஸ்போர்ட்டும்தான். சுவருக்கு நடுவே அடைத்திருக்கும் தீத்தடுப்புக் கலவை தூள் பறந்து நகை எல்லாம் மண்ணாகிவிடும்.

பீப் வந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் ஏமாறுகிறோம். சத்தம் போடவும் விளக்கு எரியவும் கொஞ்சம் கரண்ட் போதும், உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரோ காந்தச் சுருளோ தாழை இழுக்கிற அந்த ஒரு நொடிக்கு நிறைய வேண்டும், பழைய பேட்டரி அந்த நொடியில் கைவிட்டுவிடும். கீபேடைக் கவனித்துப் பாருங்கள். பலவற்றில் கீழ்ப்பக்கம் இழுக்கிற மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும், சிலவற்றில் கீபேடையே மேலே தள்ளினால் கழன்று வரும், ஒயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். உள்ளே பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி. நல்ல கம்பெனி ஆல்கலைன் பேட்டரியாகப் புதிது வாங்கிப் போடுங்கள். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதும் டிராயரில் கிடக்கிறதும் வேண்டாம். பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால், நம் கடல்காற்றில் அது சகஜம், உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பேட்டரி மாற்றினால் நம்பர் அழிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், நல்ல பூட்டுகளில் நம்பர் அழியாத நினைவில் இருக்கும்.

அப்புறம், தப்பாக நாலைந்து தடவை நம்பர் போட்டிருந்தால் பூட்டு தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பல பூட்டுகளில் ஐந்து நிமிஷம், சிலவற்றில் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் சிலவற்றில் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இனி நான் எப்போதும் முதலில் செய்து பார்ப்பது. கைப்பிடியைத் திறக்கிற பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நம்பர் போடுவது எல்லோருக்கும் பழக்கம். அதுதான் தப்பு. கைப்பிடியின் பாரம் தாழின் மேல் விழுந்து, பூட்டு இழுக்க முடியாமல் திணறும். கல்யாணத்துக்காக நகைப்பெட்டி எல்லாவற்றையும் உள்ளே திணித்திருப்பீர்கள், கதவை அவை உள்ளிருந்து தள்ளினாலும் இதே கதைதான். கைப்பிடியை மூடுகிற பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, முழங்காலால் கதவை உள்ளே அழுத்திக்கொண்டு, நிதானமாக நம்பர் போடுங்கள், சத்தம் கேட்டபிறகு கைப்பிடியைத் திருப்புங்கள். எத்தனையோ வீட்டில் இதோடு வேலை முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் லாக்ஸ்மித்தைக் கூப்பிடுங்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே. தரமான சேஃபில் கீபேட் வெறும் பொத்தான்தான், நம்பரைச் சரிபார்க்கிற மூளை கதவுக்குள்ளே இருக்கிறது. அதனால் வருகிறவர் முதலில் தன் கையில் இருக்கும் நல்ல கீபேடை உங்கள் ஒயரில் மாட்டிப் பார்ப்பார். கெட்டது கீபேடாக இருந்தால் டிரில்லே தேவையில்லை. வந்ததும் வராததுமாக டிரில்லை எடுக்கிறவரிடம், வேறு கீபேட் மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

எங்கள் கோயில் கமிட்டியின் பழைய சேஃப், வட்ட டயல் போட்டது. பொருளாளர் ஐயா நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஜோஹன்னஸ்பர்க் போனார், ஆனாலும் திறக்கவில்லை. அம்மன் நகை உள்ளே இருக்கிறது.
– கமிட்டி உறுப்பினர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயாவுக்கு முதலில் போன் போடுங்கள். எண் மட்டும் கேட்டால் போதாது, எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று கேளுங்கள். மூன்று எண் உள்ள பூட்டில் பெரும்பாலும் முதல் எண்ணுக்கு இடது பக்கம் நாலு தடவை, இரண்டாவதுக்கு வலது பக்கம் மூன்று தடவை, மூன்றாவதுக்கு மறுபடி இடது பக்கம் இரண்டு தடவை வந்து நின்று, பிறகு வலது பக்கம் தானாக நிற்கும்வரை திருப்ப வேண்டும். ஒரு கோடு தாண்டிவிட்டால் பின்னால் இழுக்கக் கூடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். பழைய பூட்டில் தேய்மானத்தால் எண் ஒரு கோடு நகர்ந்திருக்கவும் கூடும், அதனால் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு ஒன்று கூட, ஒன்று குறைய என்றும் முயன்று பாருங்கள். முடிந்தால் போன் வீடியோவில் அவரே பார்த்துக்கொண்டு சொல்லட்டும், கை செய்த பழக்கத்தை எழுத்தில் முழுக்கக் கொண்டுவர முடியாது.

அதற்கும் திறக்காவிட்டால் எல்லா லாக்ஸ்மித்தும் இதற்கு ஆள் இல்லை. வீட்டுக் கதவும் கார் கதவும் திறக்கிறவர் வேறு, சேஃப் வேலை தெரிந்தவர் வேறு. தெரிந்தவர் டயலைத் திருப்பித் திருப்பி, உள்ளே சக்கரங்கள் தொடுகிற இடத்தை விரல் நுனியில் உணர்ந்து, தாளில் குறித்து, ஒரு கீறல் இல்லாமல் திறப்பார். மணிக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். முடியாவிட்டால்தான் மெல்லிய ஓட்டை ஒன்று, அதன் வழியே உள்ளே பார்க்கிற குழாய்க் கேமரா. பல பெட்டிகளில் பூட்டுக்கு முன்னால் கடினமான எஃகுத் தகடு இருக்கும், சிலவற்றில் கண்ணாடித் தகடும் இருக்கும். தப்பான இடத்தில் டிரில் பட்டு அந்தக் கண்ணாடி உடைந்தால் ஸ்பிரிங் தாழ்கள் பாய்ந்து கதவை இன்னொரு தடவை பூட்டிவிடும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும். ஓட்டையைக் கடைசியில் கடின எஃகால் அடைத்துத் தருவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மிகப் பழைய பெட்டி என்றால் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. 2008இல் இந்த நாட்டில் அதைத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய பெட்டிக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கிறது. தூள் கிளப்புகிற வேலை எதையும் கோயில் மண்டபத்தில் வைத்துச் செய்ய விடாதீர்கள்.

கமிட்டித் தீர்மானம் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கையில் வைத்திருங்கள். பொறுப்பான ஆள் அதைக் கேட்பார்.

போனில் சொன்ன தொகை ஒன்று, வேலை முடிந்ததும் கேட்டது அதைப்போல நாலு மடங்கு. நம்பிக்கையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கடைக்காரர், லெனேசியா

இந்த நாட்டில் லாக்ஸ்மித் வேலையும் 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்துக்குள் வருகிறது. அதாவது, வருகிறவர் பிசைரா என்கிற தனியார் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை போனிலேயே கேளுங்கள், ஆணையத்தில் சரிபார்க்கலாம். லாசா என்ற லாக்ஸ்மித் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேட்கலாம்.

சேஃபின் படம், கதவில் இருக்கும் பெயர்த்தகடு, கீபேட் அல்லது டயலின் படம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்புங்கள். அதைப் பார்க்காமலே விலை சொல்கிறவர் விலை சொல்லவில்லை, வாசலுக்கு வர வழி தேடுகிறார். வருகைக் கட்டணம் எவ்வளவு, டிரில் இல்லாமல் திறந்தால் எவ்வளவு, டிரில் போட்டால் எவ்வளவு, புதுப் பூட்டு சேர்ந்ததா இல்லையா, இதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வரட்டும்.

அடையாள அட்டையும் உங்கள் சேஃப்தான் என்பதற்கு ஆதாரமும் கேட்டால் கோபப்படாதீர்கள். அதைக் கேட்காமல் உங்கள் பெட்டியைத் திறந்து தருகிறவர், நாளைக்கு உங்கள் பெட்டியை இன்னொருவருக்கும் கேட்காமல் திறந்து தருவார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சேஃப் நனைந்தது. இத்தனை நாள் ஓடியது, இப்போது சாவி திரும்பவே கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, ஐசிப்பிங்கோ

இன்னும் திரும்புகிறது என்றால் இன்றைக்கே திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள் அம்மா. தீத்தடுப்புக் கலவை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். சாவியை இடுக்கி போட்டுத் திருப்பாதீர்கள், உள்ளே முறிந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். துவாரத்தில் சமையல் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம், வண்டல் அதோடு சேர்ந்து இறுகிவிடும். பழுது பார்க்கச் செலவு செய்யாமல் வேறு பெட்டி வாங்குங்கள். புதுசின் பூட்டைக் கதவு திறந்திருக்கும்போதே மூன்று நாலு தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்த வேண்டும். அவசரச் சாவியை அதே பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.