கேள்வி–பதில்: அறை பதியாமல் புறப்படலாமா?

கேள்வி (மதுரை வாசகர்): மே மாதத்தில் மனைவி, பத்து வயது மகளுடன் காரில் கிளம்பி, அறை எதுவும் பதிவு செய்யாமல் மனம் போன போக்கில் சுற்றிவர ஆசைப்படுகிறேன். உதகைக்குப் போவோம், எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்துகொள்வோம் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உதகை என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆகிவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. கல்லாறு சோதனைச் சாவடி வரை வந்து, பாஸ் இல்லாமல் ஓரமாக நிறுத்தப்படுவதில் எந்தச் சுதந்திரமும் இல்லை. (அரசுப் பேருந்தில் போவோருக்கு இந்தத் தொல்லை கிடையாது.) அங்கிருந்து மைசூரு போகலாம் என்று மாலையில் திடீரெனத் தோன்றினாலும், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.

மனம் போன போக்குதான் வேண்டுமென்றால் கும்பகோணத்துக்குப் போங்கள். தாராசுரம், சுவாமிமலை, நாச்சியார்கோவில் எல்லாம் அரை மணிக்குள் போய்விடும் தூரம். ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று இருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள் என்பது திட்டமில்லாதவர்களை வழக்கமாக எரிச்சலூட்டும் விஷயம். அந்த இடைவெளியில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு நுழைந்து பாருங்கள். வண்டல் மண் அச்சில் பித்தளையை உருக்கி ஊற்றி, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எனத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்துத் திருகிப் பொருத்துவதை உங்கள் மகள் கண் கொட்டாமல் பார்ப்பாள். கோயில் திறந்திருந்தால் நீங்கள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். கத்திரி வெயில் வாட்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. வைகாசி முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் விடுதிகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதால், கிளம்புமுன் நாட்காட்டியை மட்டுமாவது ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): எங்களிடம் கார் இல்லை. ரயிலில் இப்படித் திட்டமின்றிப் போக முடியுமா?

பதில்: பகல் நேரக் குறுந்தூரப் பயணத்துக்கு முன்பதிவில்லாப் பெட்டி போதும். இரவுப் பயணமும் வயதானவர்களும் சேர்ந்தால் அந்தத் துணிச்சல் வேண்டாம். போகும் ஊர்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வீடு திரும்பும் ரயிலுக்கு மட்டும் பதிவு செய்துவிடுவது என் கட்சி. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதைத் தவறவிட்டவர்களுக்குத் தட்கல் இருக்கிறது: புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை என்பதால், அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.