கைகள் இரண்டு, சாமான் எத்தனை?

வாசகர் கேள்வி – பதில்: கைக்குழந்தையுடன் விமானப் பயணம்

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு முதல்முறையாக விமானத்தில் போகிறோம். ஸ்ட்ரோலரை செக்-இன் கவுண்ட்டரிலேயே போட்டுவிடலாமா, விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமா?

பதில்: வாசல்வரை கொண்டுபோவதுதான் பெரும்பாலானவர்களுக்கு வசதி. கவுண்ட்டரில் போட்டுவிட்டால் பாதுகாப்புச் சோதனை, குடியேற்ற வரிசை, கேட்வரை நடை, அங்கே காத்திருப்பு என்று எல்லா நேரமும் குழந்தை உங்கள் இடுப்பில்தான்.

ஆனால் வண்டி உங்களுக்கு எங்கே திரும்பக் கிடைக்கும் என்பதை அதில் கட்டும் டேக்தான் முடிவு செய்கிறது. விமானத்தைவிட்டு இறங்கியதும் வாசலிலேயே வேண்டுமென்றால் 'டெலிவரி அட் ஏர்கிராஃப்ட்' டேக் போடச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண பெட்டி டேக் போட்டால் வண்டி மற்ற பெட்டிகளோடு பெல்ட்டுக்கோ, பெரிய சாமான் தருகிற தனி இடத்துக்கோ போய்விடும். இடையில் விமானம் மாறுகிறவர்கள் டேக்கில் அச்சாகியிருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் படித்துப் பாருங்கள். அது கடைசி ஊரின் குறியீடாக இருந்தால் நடுவில் வண்டி கைக்கு வராது. நான்கு மணி நேரக் காத்திருப்பு இருந்தாலும் வராது.

சரியான டேக் இருந்தும் வாசலில் வண்டி தராத விமான நிலையங்களும் உண்டு. விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் ஏற்றிச் செல்லும்போது, படிக்கட்டில் வண்டியை மடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கவும் நேரும். அதனால் ஸ்ட்ரோலர் இருக்கிறதே என்று, குழந்தையை மார்போடு கட்டிச் சுமக்கும் பேபி கேரியரை வீட்டில் விட்டுவராதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு கேரியருக்குத்தான்.

கேட்டில் ஒப்படைப்பதற்கு முன் கீழ்க்கூடையைக் காலி செய்யுங்கள். ஏற்றும்போது வண்டியைப் படுக்கவும் போடுவார்கள், கவிழ்க்கவும் செய்வார்கள். கூடையில் இருந்தது எங்காவது விழும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தட்டு, கப் ஹோல்டர், தொங்கும் பொம்மை, மழை உறை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மடிப்புக் கொக்கி விழுந்ததா என்று பார்த்து, அதன் மேல் ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கொக்கியை மட்டும் நம்பினால், தூக்கும்போது வண்டி பாதியில் விரிந்து சக்கரத்தண்டு வளைந்துவிடும். கடைசியாக, டேக் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'கேபினுக்குள் எடுத்துச் செல்லலாம்' என்று விளம்பரம் செய்த வண்டியை வாங்கினேன். கேட்டில் மறுத்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாற்றம்தான். கேபின் பைக்குப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் அளவு 55 x 40 x 20 செ.மீ. என்பதை ஒட்டியிருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் சில செ.மீ. கூடும், குறையும். எடையை 7 கிலோவோடு நிறுத்துகிறவையும் பல. 'கேபின் சைஸ்' என்று விற்கிற சில வண்டிகள் மடித்தபிறகும் 44 செ.மீ. அகலம் வரும். மேலே இருக்கும் பெட்டியறையில் அது நுழைந்துவிடும், ஆனால் கேட்டில் பையின் அளவு பார்க்க வைத்திருக்கும் அளவுப்பெட்டியில் நுழையாது. பயணிகள் குறைவாக இருக்கும் நாளில் விட்டுவிடுவார்கள், நிரம்பிய நாளில் டேக் போட்டுவிடுவார்கள். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து நீங்களே டேப் வைத்து அளந்து, டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வண்டி வந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம்.

மோட்டார் வைத்த வண்டி, தானாக ஆட்டும் வண்டி என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் விமானத்தில் ஏற்றவே மறுக்கலாம். கழற்ற முடிந்தால், கழற்றிய பேட்டரி கேபினுக்குள் உங்களோடுதான் வர வேண்டும். பவர் பேங்க்குக்கும் அதே விதி; பொதுவான வரம்பு 100 வாட்-மணி. வாட்-மணி அச்சிடாத பவர் பேங்க் என்றால் மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். 10,000 என்பது 37 வாட்-மணி.

கேள்வி: கணவர் முன்பே போய்விட்டார். நானும் குழந்தையும் மட்டும். எத்தனை பை எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம்?

பதில்: செக்-இன் செய்வது ஒரு பெரிய பெட்டி, முதுகில் ஒரு பை, முன்னால் கேரியரில் குழந்தை, ஒரு ஸ்ட்ரோலர். இதற்கு மேல் ஒரு கைப்பை சேர்ந்தாலும் கஷ்டம். இரண்டு சின்னப் பெட்டிகளைவிட ஒரு பெரிய பெட்டி நல்லது. பெட்டியை இழுக்க ஒரு கைதான் இருக்கிறது.

தோளில் தொங்கும் பை வேண்டவே வேண்டாம். குனியும்போது அது முன்னால் சரிந்து கேரியரில் இருக்கும் குழந்தையின் தலையில் இடிக்கும். முதுகுப் பை நகராது. அதே பையை ஸ்ட்ரோலர் கைப்பிடியில் மாட்டவும் கூடாது. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை வண்டி நிற்கும். குழந்தையைத் தூக்கிய மறுகணம் முன்பக்க எடை போய், பையின் கனத்தில் வண்டி மல்லாந்துவிடும். விமான நிலையத்தில் குழந்தை கேரியரில் இருக்கும்போது, காலி ஸ்ட்ரோலரின் இருக்கையில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதுதான் சுலபம்.

பாதுகாப்புச் சோதனையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குழந்தையை வண்டியில் வைத்தபடி உள்ளே விட மாட்டார்கள். வண்டியும் மடிந்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போக வேண்டும், நுழையாவிட்டால் கையால் சோதிப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே கூடையைக் காலி செய்து எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டுவிடுங்கள். டிரேயில் முதலில் பால் பை, அடுத்து போன், லேப்டாப், அதன் பின் முதுகுப் பை, கடைசியில் மடித்த வண்டி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டர் வழியாக நடக்கச் சொல்வார்கள். சில இடங்களில் கேரியரையும் கழற்றச் சொல்வார்கள், அதனால் முதுகில் முடிச்சுப் போடும் நீளத்துணி அன்றைக்கு ஒத்துவராது; கொக்கி வைத்த கேரியரே மேல். மறுபக்கம் போனதும் முதலில் வண்டியை விரித்துக் குழந்தையை உட்காரவைத்து பெல்ட் போடுங்கள், பிறகு மற்றதை எடுங்கள். பின்னால் நிற்கிறவர் அவசரப்பட்டால் படட்டும். உதவிக்கு ஊழியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள், வண்டியை மடிப்பதை மட்டும் முன்கூட்டியே ஒரு கையால் பழகிவிட்டு வாருங்கள்.

டயபர் கணக்கு: வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல்வரை ஆகும் மணி நேரத்தை இரண்டரையால் வகுத்து, அதில் பாதியைத் தாமதத்துக்காகக் கூட்டுங்கள். 15 மணி நேரத்துக்கு 6, கூட 3, ஆக 9. குழந்தைக்கு இரண்டு மாற்றுடை எல்லோரும் எடுத்துவைக்கிறார்கள். தங்களுக்கு ஒரு மேலாடை எடுத்துவைக்கத்தான் மறந்துபோகிறது. வாந்தி விழுவது அங்கேதான்.

அப்பா உடன் வராததால் இன்னொன்று: தாயோ தந்தையோ மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டும்போது மற்றவரின் எழுத்துச் சம்மதம் கேட்கிற நாடுகள் உண்டு. போகிற நாட்டின் தூதரகத்திடம் விசாரித்து, தேவையானால் நோட்டரி கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: பாசினெட் (விமானத்துக்குள் மாட்டும் குழந்தைத் தொட்டில்) கேட்டு டிக்கெட் எடுத்தோம். விமானத்தில் ஏறினால் 'இல்லை' என்கிறார்கள். எப்படி?

பதில்: பாசினெட் மாட்டும் கொக்கி எல்லா வரிசையிலும் இல்லை. தடுப்புச்சுவரை ஒட்டிய முன்வரிசையில் சில இடங்களில் மட்டும்தான். டிக்கெட்டில் 'கேட்டிருக்கிறது' என்று பதிவாவது வேறு, இடம் உறுதியாவது வேறு. புக் செய்த கையோடு போன் செய்து இருக்கை எண்ணோடு உறுதி வாங்குங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன் மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலும் 10, 11 கிலோவரைதான் தாங்கும். நீளம் 70, 75 செ.மீ. குழந்தை உட்காரத் தொடங்கிவிட்டால் எடை சரியாக இருந்தாலும் மறுக்கலாம்.

கிடைத்தாலும் முழு நிம்மதி இல்லை. விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் அதை மாட்ட மாட்டார்கள். நடுவில் சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்குகிற குழந்தையை எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள். அந்த வரிசையில் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியை உயர்த்த முடியாது. முன்னால் இருக்கை இல்லாததால் பை வைக்கும் இடமும் இல்லை. ஏறும்போது எல்லாம் மேலே போய்விடும். ஒரு டயபர், துடைக்கும் ஈரத்தாள், பால், ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் அடங்கும் சின்னப் பையை மேல் அறையின் வாய்ப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். நானும் மனைவியும் ஆளுக்கு ஒன்றை மடியில் வைத்து அருகருகே உட்காரலாம் என்றால் விடவில்லையே?

பதில்: காரணம் ஆக்சிஜன் முகமூடி. மூன்று இருக்கை கொண்ட ஒரு பகுதிக்குப் பொதுவாக நான்கு முகமூடிகள் இருக்கும். மடிக்குழந்தை ஒன்றுக்குத்தான் உபரி. நடைபாதைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்காருங்கள், பாட்டிலை நீட்டிக் கொடுக்கும் தூரம்தான்.

கேள்வி: கேபின் பையில் திரவம் 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக் கூடாது என்ற விதி குழந்தைப் பாலுக்கும் உண்டா? போன முறை விமானத்தில் பாட்டிலைத் திறந்ததும் பால் பீறிட்டுச் சட்டையெல்லாம் நனைந்தது, அது ஏன்?

பதில்: பயணத்துக்குத் தேவையான அளவு தாய்ப்பால், ஃபார்முலா பால், குழந்தை உணவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் விலக்கு உண்டு. ஆனால் நீங்களாகவே தனியாக எடுத்துவைத்துச் சொல்ல வேண்டும். பைக்குள்ளேயே கிடந்தால் பையைப் பிரிப்பார்கள். எக்ஸ்ரேயில் போனால் பால் கெடாது.

பீறிடுவது காற்றழுத்தத்தால். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். தரையில் மூடிய பாட்டிலுக்குள் சிக்கிய காற்று அங்கே விரிந்து பாலை நிப்பிள் வழியாக வெளியே தள்ளுகிறது; ஸ்ட்ரா வைத்த கோப்பை இன்னும் மோசம். மூடித்தகட்டோடு பாட்டிலை மூடி, நிப்பிளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் நேரம் வந்ததும் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, வளையத்தைக் கால் திருப்பு திருப்புங்கள். 'உஸ்' என்று காற்று போகும். அதன் பிறகு நிப்பிளை மாட்டுங்கள்.

கலக்கிய ஃபார்முலா வெளியில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். ஆகவே பவுடரை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து எடுத்துப்போவதே சரி. ஊழியர்கள் தரும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதிலேயே கலக்கி, பனிக்கட்டி போட்ட கோப்பைத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி ஆறவிடுங்கள். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், அழ ஆரம்பித்த பிறகு தொடங்கினால் விமானமே விழித்துக்கொள்ளும்.

கேள்வி: காது வலிக்கு எப்போது பால் கொடுக்க வேண்டும்? ஏறும்போதா?

பதில்: இறங்கும்போதுதான் முக்கியம். அழுத்தம் கூடும்போது நடுக்காதுக்குள் காற்று நுழைய வேண்டும். நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் விழுங்கும்போதுதான் திறக்கும். இறக்கம் தரைதொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது, ஆகவே கடைசி வேளைப் பாலை அதற்கென்று மிச்சம் வையுங்கள். சளியோ காது நோயோ இருந்தால் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பெல்ட்டில் வந்த ஸ்ட்ரோலரின் சக்கரம் உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் புகார் செய்தால் ஏற்பார்களா?

பதில்: ஏற்கலாம், ஆனால் நீங்களே வழக்கைக் கடினமாக்கிக்கொள்கிறீர்கள். பெட்டி எடுக்கும் கூடத்தைவிட்டு வெளியேறும் முன் வண்டியை விரித்து, நான்கு சக்கரமும் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே விமான நிறுவனத்தின் பெட்டி கவுண்ட்டரில் பி.ஐ.ஆர். எனும் சேதப் பதிவுப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணத்தில் சேதப் புகாரை எழுத்தில் கொடுக்க 7 நாள் அவகாசம். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். பெட்டிகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு, 28.12.2024 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டு நிதிய அலகு. கேட்டில் எடுத்த போட்டோவுக்கும் வாங்கிய ரசீதுக்கும் வேலை வருவது இங்கேதான்.

கேள்வி: போகும்போது 23 மாதம். திரும்பும்போது இரண்டு வயது தாண்டிவிடும். மடியிலேயே கூட்டிவரலாமா?

பதில்: முடியாது. இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும். புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கவுண்ட்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகு சொன்னால் அன்றைய விலைதான்.