ஒரு மணி நேரத்தில் அந்த ஹெட்ஃபோனை எப்படிச் சோதிப்பது?

தம்பி, மலேசியாவின் ஈப்போ கடையில் ஒரு சிறு தயாரிப்பாளரின் ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த, வெளிச்சத்தம் உள்ளே வரும்) ஹெட்ஃபோன் 6,000 வெள்ளி (ரிங்கிட்), ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்க விடுகிறார்கள், எதைக் கவனிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான்.

உங்களிடம் இருக்கும் சென்ஹைசர் எச்டி 600-ஐக் கையோடு கொண்டு போங்கள். 1997-இல் வந்தது, இன்றும் நல்ல அளவுகோல். ஆனால் அதன் மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம், அதிகம். வால்யூமை ஒரே இடத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சத்தம் தராது. காதால் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும், பலர் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம் ஒரு மிருதங்கத் தனி போடுங்கள். வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) ‘நம்’ அடங்குவதற்குள் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கி என்ற தாழ்ந்த ஒலி வழுக்கி எழுவது தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய மோனோ பாட்டில் குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். சாய்ந்தால் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு உங்கள் காதில் இல்லை.

பிளேனார் வகையா (காந்தங்களை ஒட்டித் தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தருவது) என்றும் கேளுங்கள். பலவற்றுக்குக் கைபேசியின் சக்தி போதாது.

வீட்டையும் யோசியுங்கள். தகரக் கூரையில் சாயங்கால மழை பிடித்தால் ஓப்பன் பேக்கில் பாட்டைவிட மழைதான் கேட்கும்.

காதுப் பஞ்சும் டிரைவரும் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) பின்னால் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் இப்படி ஒரு சிறு தயாரிப்பாளரிடம் வாங்கியது இரண்டாம் வருடம் வலது பக்கம் ஊமையானது. மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை.